காலண்டர் தாள் சாட்சி

எங்கள் வீட்டில் மற்றவர்களின் போனைத் திறந்தால் பிள்ளைகளும் சாமிகளும் கல்யாண வீடுகளும் இருக்கும். அக்காவின் போனைத் திறந்தால் காலாவதித் தேதிகள்தான் இருக்கும். பால் பாக்கெட்டின் மூலை, பிஸ்கட் பாக்கெட்டின் முதுகு, தயிர் டப்பாவின் மூடி, ரவைப் பாக்கெட்டின் விளிம்பு. ஒவ்வொரு படத்திலும் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில், தினசரி காலண்டரிலிருந்து கிழித்த அன்றைய தாள் ஒன்று, ஃபேன் காற்றில் பறக்காமல் தீப்பெட்டிக்கு அடியில் படுத்திருக்கும்.

"போன்லயே தேதி விழுகும்க்கா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"போன் தேதிய யாரு வேணாலும் மாத்தலாம் புள்ள. காலண்டரக் கிழிச்சாக் கிழிச்சதுதான். திரும்ப ஒட்டவா முடியும்?"

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. கோரிப்பாளையத்தில் ஒரே வீடு. கீழே மாமியாரும் அக்கா குடும்பமும், மாடியில் நானும் என் கணவரும். அக்காவுக்குச் சமயநல்லூர். பிளஸ் டூ முடித்த கையோடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பாக்டீரியாவைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் அந்த வீட்டில் பாக்டீரியாவைப் பிடிப்பதற்கென்று யாராவது இருந்தார்கள் என்றால் அது அக்காதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் முழுகாமல் இருந்தபோது என் சாப்பாட்டுக்கு இரண்டு சட்டங்கள் அமலில் இருந்தன. முதலாவது மாமியாருடையது: பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளு கூடாது, கத்தரிக்காய் அரிக்கும், நண்டு சூடு. இரண்டாவது என் போனில் இருந்த ஆப் ஒன்றினுடையது. வாரா வாரம் இங்கிலீஷில் புத்தி சொல்லும். அதை நான் தமிழில் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை இந்த வாரம் அவகாடோ அளவு இருக்கிறது என்று அது சொன்னால், "நம்ம ஊர்க் காயில எம்புட்டு இருக்கும்?" என்று கேட்பாள். மாங்காய் அளவு என்பேன். பச்சை மீன் கூடாது, புகையில் வாட்டிய மீன் கூடாது, மெத்தென்ற சீஸ் வகைகள் கூடாது என்று அது சொன்னது. கோரிப்பாளையத்தில் புகையில் வாட்டிய மீனை எவன் விற்கிறான்? ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன்கடையில் அக்கா வஞ்சிரத்தை மோந்து பார்த்து, "இதுக்குப் புகை கிகை போட்டியாப்பா?" என்று விசாரித்ததை என் காதாலேயே கேட்டேன். மீன்காரர் கோபித்துக்கொண்டு வாலைக்கூட வெட்டாமல் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி கடை.

"அண்ணாச்சி, ப்ளூ சீஸு இருக்கா?"

"அப்பிடின்னா என்னம்மா? வேணும்னா வரவழைச்சுத் தாரேன்."

"வேணாம். வந்துச்சுன்னா எங்க வீட்டுக்கு மட்டும் குடுத்துவிட்டுறாதீங்க. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

இரண்டு சட்டத்தையும் அக்கா ஒன்றாக்கினாள். இதில் தப்பியது இட்லி. அதுவும் ஆவி பறந்தால் மட்டும். நான் தட்டில் போட்டு இரண்டு நிமிஷம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இட்லியைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி இட்லிப் பானையில் வைப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். சில நாள் அந்தப் போனைப் பிடுங்கி வைகையில் எறியலாம் என்று தோன்றும். அப்புறம் நினைத்துப் பார்ப்பேன், வைகையில் எறிந்தால் மணலில் விழுந்து பத்திரமாகத்தான் கிடக்கும்.

காலண்டர் தாளால் மாமியாருக்கும் அக்காவுக்கும் தினமும் காலையில் ஒரு சண்டை உண்டு. மாமியார் ராசிபலன் பார்க்க வருவதற்கு முன்னாலேயே அக்கா தாளைக் கிழித்துக்கொண்டு போயிருப்பாள். "என் ராசிய எங்கடி கொண்டு போயி வச்சிருக்க?" என்று மாமியார் கத்துவார். "தயிர் டப்பாகிட்ட இருக்கு அத்தை, இந்தா வாரேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

ஒருநாள் அலங்காநல்லூரிலிருந்து என் அம்மா இரண்டு பஸ் மாறி, மடியில் தூக்குவாளியோடு வந்தாள். எங்கள் செவலைப் பசு கன்று போட்டிருந்தது. முதல் நாள் சீம்பாலில் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு, ஆவியில் கட்டியாக அவித்துக் கொண்டு வந்திருந்தாள். எனக்கு அது உயிர். அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏ புள்ள, பாலு இப்பிடி மெத்துன்னு கட்டியாயிட்டா இங்கிலீசுல அதுக்கு என்ன பேரு?"

"ஒரு வகையில பாத்தா சீஸ் மாதிரிதான்க்கா" என்றேன். டீச்சர் புத்தி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அக்கா அதைக் கவனித்தாள். தூக்கிக் கொட்டாமல், "அம்மா செஞ்சத யாரு குறை சொன்னா, இன்னொரு ஆவி காட்டிக் குடுத்துருவோம்" என்று சொல்லி அடுப்பில் ஏற்றினாள். நாற்பது நிமிஷம். பிறகு காலண்டர் தாளோடு ஒரு போட்டோ. என் தட்டுக்கு வந்தபோது சீம்பால் கத்திக்கே இடம் கொடுக்கவில்லை. மென்று மென்று தாடை வலித்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து, "நல்லாருக்கா?" என்று கேட்டாள். ரொம்ப நல்லாருக்கு என்றேன். அக்காவும் ஒரு துண்டு எடுத்து எங்களோடு மென்றாள்.

அது வரைக்கும் எல்லாம் சிரிப்புதான். ஐந்தாம் மாதத்தில் நான் நிஜமாகவே சீஸ் சாப்பிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி பெங்களூருக்கு மாறிப் போகிறாள் என்று கே.கே. நகரில் புதிதாகத் திறந்த ஒரு கஃபேயில் விருந்து வைத்தாள். கீரையும் வெள்ளரிக்காயும் போட்ட ஒரு தட்டில், மேலே வெள்ளையாக எதையோ உதிர்த்துப் போட்டிருந்தார்கள். பன்னீர் என்று நினைத்தேன். இட்லி தின்று செத்திருந்த நாக்குக்கு அந்த உப்பும் புளிப்பும் அமிர்தமாக இருந்தது. பாதித் தட்டு காலியான பிறகுதான் மெனு கார்டில் அதன் பெயரைப் பார்த்தேன். மெத்தென்ற சீஸ். ஆப் சொன்ன அதே பெயர்.

மாமியாரின் கத்தரிக்காயைப் பார்த்துச் சிரித்த எனக்கு இதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பச்சைப் பாலில் செய்த சீஸில் இருக்கக்கூடிய அந்தக் கிருமி கட்டுக்கதை இல்லை. தாய்க்கு வெறும் காய்ச்சலாக வந்துவிட்டுப் பிள்ளையைத் தொட்டுவிடும் என்பதும் கட்டுக்கதை இல்லை. படித்தவள் என்பதால் எனக்குப் பயம் கூடத்தான் செய்தது. மாடியில் துணி எடுக்கும்போது அக்காவிடம் அழுதேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"டப்பாவப் பாத்தியா?"

"இல்லக்கா."

"சரி. காலையில போவோம். மூஞ்சியக் கழுவு."

என் கணவர் இதைக் காதில் வாங்கிக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டில் நாட்டு நடப்பு சொல்வதுபோல் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாமியார் ரசத்தை ஊற்றிக்கொண்டு என் வயிற்றை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

மறுநாள் கஃபே திறக்கும் முன்பே அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றாள். தாடி வைத்த ஓனர் வந்து ஷட்டரைத் தூக்கினார்.

"தம்பி, நேத்து மத்தியானம் கீரை மேல தூவுனீங்கள்ல, அந்தச் சீஸு டப்பா எங்க?"

"அது காலியாயிருச்சுங்க மேடம்."

"சீஸுதான காலியாகும்? டப்பா எப்பிடிக் காலியாகும்?"

பின்கட்டில் குப்பைப் பைகள் கட்டி வைத்திருந்தார்கள். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது பையில் அதைக் கண்டெடுத்தாள். நான் வாசித்துச் சொன்னேன்: பாஸ்சரைஸ் செய்த பாலில் செய்தது, காலாவதிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. "அப்படின்னா?" "பாலைச் சூடு பண்ணிக் கிருமியக் கொன்னுட்டுச் செஞ்சதுக்கா." அக்கா தன் மணிபர்ஸிலிருந்து மடித்து வைத்திருந்த முந்தின நாள் காலண்டர் தாளை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்தாள். உணவுத்துறை ஆபீசர் என்று பயந்துபோன ஓனர் எங்களுக்குக் கோல்டு காபி கொண்டு வந்தார். "பால் காய்ச்சுனதா?" என்று அக்கா கேட்டாள். அவர் யோசித்தார். காபி அங்கேயே இருந்துவிட்டது.

அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம் போனோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க. காய்ச்சல் கீய்ச்சல் வந்தா மட்டும் நாள் கடத்தாம வாங்க" என்றார். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். அக்காவை அன்றைக்குப் பிடித்ததுபோல் எனக்கு யாரையும் பிடித்ததில்லை. மறுநாள் இட்லியைப் பிடுங்கினபோது மறுபடி பிடிக்காமல் போனது வேறு விஷயம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. எங்கள் பக்கத்தில் பொண்ணு வீட்டார் ஏழு வகைச் சாதம் ஆக்கிக் கொண்டுவர வேண்டும். ஹோட்டலில் சொல்லிவிடலாம் என்று என் அப்பா கேட்டதற்கு, "கடைச் சோத்தையா பிள்ளத்தாச்சி வாயில வைக்கிறது?" என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆகவே அலங்காநல்லூரில் என் அம்மாவும் சித்திகளும் விடியும் முன்பே எழுந்து ஆக்கினார்கள். சுடச்சுட அண்டாக்களில் அள்ளி, மூடி போட்டு, துணியால் வாய் கட்டி, வேனில் ஏற்றி எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்குள் முடிக்க வேண்டும். முதல் வளையல் போட வேண்டிய என் கணவரின் அத்தை பஸ் கிடைக்காமல் பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தார். ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு வரைக்கும் எதையும் தொடக் கூடாது என்றார் மாமியார். வைகாசி வெயில். ஷாமியானாவுக்குக் கீழே ஏழு அண்டாவும் வாய் கட்டியபடி உட்கார்ந்திருந்தன, நான் எட்டாவது.

அக்கா தேங்காய்ச் சாதத்தின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். மூடியிலிருந்து வேர்வை சொட்டியது. மோந்தாள். மாமியாரிடம் வந்தாள்.

"அத்தை, வளையல அப்பறம் போடுவோம். சோத்த இப்பவே போட்டுருவோமா? இந்தப் புழுக்கத்துக்குத் தேங்கா தாங்காது."

"ராகு காலத்துல சோறு ஊட்டுறதா? உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார் மாமியார். கூட்டத்தில் நாலு பேர் கேட்கும்படி, "ஒண்ணத் தொலைச்சவளுக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்றும் சொன்னார்.

எனக்கு அப்போது அதன் அர்த்தம் பாதிதான் தெரியும். அக்காவுக்கு ஐந்தாவது படிக்கும் மகள் இருந்தாள்; அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். அக்கா காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு போய் அண்டா மூடிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

ஒரு மணிக்கு ஊட்டினார்கள். சந்தனம், மஞ்சள், குங்குமம் தோய்ந்த இருபது பெண்களின் விரல்கள் வரிசையாக என் வாய்க்குள் வந்து போயின. இரண்டு சட்டத்திலும் இதற்குத் தடை இல்லை. டீச்சர்கள் கொண்டு வந்த கேக்கை மட்டும், மேலே வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக, பெரியவர்கள் ஒருமனதாக விலக்கி வைத்தார்கள். தேங்காய்ச் சாதம் வந்தபோது, "அவளுக்குத் தேங்கா ஒத்துக்காது" என்று அக்கா குறுக்கே கையை நீட்டினாள். "ஏழும் வாயில படணும்" என்று மாமியார் அந்தக் கையை விலக்கி, தானே ஒரு பெரிய உருண்டையாக ஊட்டிவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாந்தி. பிறகு வயிற்றால் போனது. பத்து மணிக்குக் காய்ச்சல். பிள்ளையின் அசைவு தெரியவில்லை. நான் வயிற்றில் கை வைத்து வைத்துப் பார்த்தேன். அக்கா யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவை வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் காய்ச்சல் எதனால் என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். சுற்றிலும் மாமியார், அம்மா, அக்கா.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"சீஸு தின்னா டாக்டர்" என்றார் மாமியார். "ஓட்டல்ல. ரெண்டு மாசம் முந்தி. நான் அப்பவே வாயத் தொறக்கல. எங்க வீட்டு வாரிசுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தக் கிருமிக்கு வாரக்கணக்கில் ஒளிந்திருக்கத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அன்னைக்கு வந்தது நீங்கதான? எந்த மாதிரி சீஸ்? நான் பாத்த படம் இருக்கா?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா போனை நீட்டினாள். டாக்டரம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கி வாசித்தார். "ஆமா, இதேதான். இதுனால இருக்காது" என்றார்.

"எந்த டப்பாவயாச்சும் காட்டுனா ஆச்சா?" என்று மாமியார் எட்டிப் பார்த்தார். இங்கிலீஷை அவர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஆமா... அன்னைக்குச் சஷ்டி. நான் பகல் பூரா விரதம்."

"வீட்ல வேற யாருக்காவது வயித்துல பிரச்சனையா?"

"அத்தை" என்றாள் அக்கா மெதுவாக, "நீங்க விடியக்காலையில இருந்து எத்தன தடவ பாத்ரூம் போனீக?"

"அது எனக்கு வாயு."

"நேத்து முதல் வளையல் போட்ட அத்தைக்கும் வாயுதானாம். இப்பத்தான் போன் வந்துச்சு."

அப்படியானால் நேற்றைய விசேஷச் சாப்பாடுதான், இரண்டு நாளில் சரியாகிவிடும், பிள்ளைக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். என் அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நான் ஆக்குன சோறா?" என்று அழுதாள். மாமியாரின் முகம் மெல்ல அம்மா பக்கம் திரும்பியது. வாய் திறந்தது.

"தண்ணிக் கேனு" என்றாள் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நேத்து வந்த தண்ணிக் கேனுதான் அத்தை. அடியில பாசி. நான்தான் பாத்தேன். இனிமே அவன்கிட்ட வாங்கக் கூடாது."

தண்ணிக் கேனுக்கு மாமியாரும் கிடையாது, பிறந்த வீடும் கிடையாது. மாமியார் அந்தக் கேனையும் அதைப் போட்டவனையும் அவன் பரம்பரையையும் வாசல் வரை போய்த் திட்டித் தீர்த்தார். பிறகு வாயு மறுபடி கூப்பிட்டதால் வீட்டுக்குப் போனார். அம்மா கஞ்சி வாங்கப் போனாள்.

சாயங்காலம் பிள்ளை உதைத்தது. அக்காவின் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வேர்வை சொட்டும் அண்டா மூடி, பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தாள். ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

"இத ஏன்க்கா காட்டல? அத்தை ராகு காலம்னு லேட் பண்ணதுனாலதான?"

"காட்டுனா அத்தை ராகு காலத்தயா திட்டுவாக? உங்க அம்மாவத்தான் திட்டுவாக." சொல்லிக்கொண்டே அந்தப் படத்தை அழித்தாள். அக்கா ஒரு படத்தை அழித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா, இம்புட்டும் எதுக்குக்கா? கிருமிக்கா பயப்படுறீங்க?"

"கிருமி என்ன செய்யும் புள்ள? கொல்லும். அம்புட்டுத்தான." குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு முதல்ல உண்டானப்ப ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில பைனாப்பிள் கேசரி வச்சாங்க. நான் தொடல. ஒரு வாய்கூடத் தொடல. ஓரமா ஒதுக்கி வச்சேன். ஒம்பது நாள் கழிச்சுக் கலைஞ்சு போச்சு. அன்னாசியத் தின்னுட்டு வந்தா, எங்க பிள்ளைய அழிச்சுட்டான்னாங்க. இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. நேத்தும் கேட்டயில்ல? சத்தியம் பண்ணேன். ஒருத்தரும் நம்பல. கட்டுனவரும் நம்பல."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சில சமயம் காரணமே இல்லாம இப்பிடி ஆகும்னாரு. காரணம் இல்லைன்னா வீட்ல ஒத்துக்குவாங்களா? இருந்த ஒரே சாட்சி அந்த எலைதான். கேசரி அப்பிடியே அதுல இருந்துச்சு. நான் மடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன் புள்ள."

எனக்குப் பெண் பிறந்தது. அக்கா குடும்பம் இப்போது திருப்பூரில், நாங்கள் ஓசூரில். மாமியார் இன்றைக்கும் தண்ணிக் கேனைத் திட்டுகிறார்.

கல்யாண வீடுகளில் பைனாப்பிள் கேசரி வைத்தால் நான் அதைத் தொடுவதில்லை. ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் என்னவும் நினைத்துக்கொள்ளட்டும் என்று, இலையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புவேன். பதில் வரும் வரை எழுந்திருக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

"பாத்துட்டேன் புள்ள. இப்ப மடி."